முந்நூற்றுப் பன்னிரண்டு அப்பாக்கள்

நாவேந்தன் தன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னது மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை. அப்பாவுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.

ஒரு தடவை அப்பா சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். ரசம் காலண்டரில் வழிந்தது. ஒரு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஒரு தடவை திருக்குறளில் ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேசினார். அதற்குத் தட்டே தேவலை என்றிருந்தது. கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்த அன்று சொல்லிப் பார்த்தான். அப்பாவுக்குச் சம்பளம் கூடிய அன்று சொல்லிப் பார்த்தான். காலில் விழுந்து சொல்லிப் பார்த்தான். தைரியம் போதாமல் ஒரு தடவை ஆங்கிலத்தில் சொன்னான். அப்பா உச்சரிப்பைத் திருத்திவிட்டுத்தான் கத்தினார்.

பதினேழு வயதுக்குள் இந்த விஷயத்தில் இவ்வளவு அனுபவம் தமிழ்நாட்டில் வேறு யாருக்கும் இருக்காது என்று அவன் நினைத்துக்கொள்வான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவனிடம் ஒரு தோட்டம் நிறையச் சுரைக்காய் இருந்தது, எல்லாம் ஏட்டில்.

எல்லாவற்றுக்கும் காரணம் ‘ஒத்திகை’. கண்ணாடியை மாட்டி, காதில் சின்னக் குமிழை வைத்துக்கொண்டால் எதிரே இருக்கும் காலி நாற்காலியில் யார் வேண்டுமோ அவர் வந்து உட்காருவார். மேலதிகாரி, மாமியார், பெண் பார்க்க வருகிறவர், யாராக இருந்தாலும் சரி. அவரிடம் சொல்ல வேண்டியதை முதலில் இங்கே சொல்லிப் பார்த்து, அடி வாங்கி, திருத்திக்கொண்டு, பிறகு நிஜ ஆளிடம் போகலாம். அந்த ஆள் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினால் ஒப்புதல். படித்துப் பார்த்து அழுத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐந்தாறு வருடத்தில் ஊரே ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தது. துக்க வீட்டில்கூட, “அழுதாச்சு, ஆனா சரியா வரல” என்று யாராவது முணுமுணுத்தார்கள்.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் அவர்கள் வீடு. அப்பா சங்கரபாண்டியன் வாரத்தில் ஐந்து நாள் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். சனி, ஞாயிறுகளில் ‘சிரிப்புச் சூறாவளி’ சங்கரபாண்டியன், பட்டிமன்ற நடுவர். எந்த அணியில் போட்டாலும் பேசுவார் என்பதால்தான் கடைசியில் நடுவர் ஆக்கினார்கள் என்று அம்மா சொல்வாள். எதிரணி என்ன பேசும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள அவர்தான் ஒத்திகைக்குக் குடும்பத் திட்டம் வாங்கினார். அவரும் ‘சரி’ அழுத்தினார், மகனும் அழுத்தினான்.

அம்மா அழுத்தவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் திலகவதி, எதையும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போடாதவள். பதினெட்டுப் பக்கத்தையும் படித்தாள். “நான் வீட்டுல பேசுதது எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தன்னைத் திருத்திக்கிடுமாம். என்ன மாதிரி இன்னொருத்தி எதுக்கு? ஒருத்தி சொல்லுததே இங்க யாரும் கேக்கக் காணோம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்று அப்பாவும் மகனும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நாவேந்தன் என்ற பெயரை அப்பாதான் வைத்தார். நாவுக்கு அரசன். அந்த அரசன் மேடை ஏறிய கதை ஊருக்கே தெரியும். ஜூலையில் பள்ளிப் பட்டிமன்றம். “அறிவியல் வளர்ச்சி வரமா, சாபமா?” வரமே என்ற அணியில் அவன். அறுபது தடவை ஒத்திகை பார்த்திருந்தான். ஒத்திகைக் கூட்டம் முதல் பத்தியின் முடிவில் கைதட்டும். நிஜக் கூட்டம் தட்டவில்லை. தட்டுவார்கள் என்று காத்து நின்றான். அந்த இடைவெளியில் இரண்டாவது பத்தி எங்கோ போய்விட்டது. சங்கரபாண்டியன் மகன், வரத்தின் சார்பில், மூன்று நிமிடம் மரம் மாதிரி நின்றான்.

நேரம் பார்த்து மணி அடிக்கும் வேலை பிளஸ் டூ ‘பி’ பிரிவு செல்வினுக்கு. நாலாவது நிமிடம் ஒன்று, ஐந்தாவது நிமிடம் ஒன்று. செல்வின் இரண்டையும் அடிக்கவில்லை. மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் தலைமையாசிரியரே எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“ஏம்ல அடிக்கல?” என்று பிறகு கேட்டான் நாவேந்தன், தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே.

“நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லயே” என்றான் செல்வின். கிண்டலாகச் சொல்லவில்லை. நேரம் பார்க்கிறவன் நேரத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னான்.

அந்த நிமிடத்தில் நாவேந்தனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எட்டாம் வகுப்பிலிருந்தே அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, ‘அதெல்லாம் இல்லை’ என்று தட்டிக் கழித்துவந்த விஷயம். கதைகளில் வருகிறவர்களுக்கு மழையில், ரயிலில் எல்லாம் காதல் வரும். தனக்கு மானம் போன இடத்தில், மூக்கில் தண்ணீர் ஏறியிருக்கும்போது வந்தது என்று பின்னால் அவனே நொந்துகொண்டான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். முருகன்குறிச்சி சோடாக் கடை, சைக்கிளில் வ.உ.சி. மைதானத்தைச் சும்மா ஐந்து சுற்று, கணக்கு நோட்டை வேண்டுமென்றே மறந்து வைத்துவிட்டு வருவது. நாவேந்தன் செல்வினிடமும் தந்திரமாக ‘சரி’ வாங்கியிருந்தான். பள்ளிக்கூடத் திட்டப்பணிக்கு என்று சொல்லி அனுப்பினான், செல்வின் படிக்காமல் அழுத்தினான். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்து, ஒத்திகைச் செல்வினிடம் நாற்பது தடவை தன் மனதைச் சொன்னான். நாற்பத்தொன்றாவது தடவைக்கு அவசியம் வரவில்லை. நிஜச் செல்வின் சோடாக் கடையில், வாயில் கோலிக்குண்டு சோடா இருக்கும்போதே, “எனக்கு உன்னப் பிடிச்சிருக்குல. மத்த மாதிரி பிடிக்கிறது” என்று சொல்லிவிட்டு ஏப்பம் விட்டான். நாற்பது தடவை தயாரித்த வசனத்தை எங்கே செருகுவது என்று தெரியாமல், “எனக்குந்தான்” என்றான் நாவேந்தன். அதுவும் தொண்டைக்குள்ளேயே. அதற்குப் பிறகும் செல்வினைப் பார்க்கப் போகுமுன் ஒத்திகைச் செல்வினிடம் ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

செல்வின் அடுத்த வாரமே தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவள் ஒரு அறை விட்டாள். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், “அழுக்குத் துணியை எடுத்துப் போடு” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

“நீ எப்பச் சொல்லப் போற?” என்று செல்வின் கேட்டான்.

“தயாராகிட்டிருக்கேன்” என்றான் நாவேந்தன்.

ஆகஸ்டில் ஒத்திகை அப்பா அவ்வளவு மோசமில்லை. மேடையில் பேசுவதைப் போலவே பேசினார், பண்பாடு, பெற்ற வயிறு, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று. அதைத் தாங்கிவிடலாம் என்று தோன்றியது. நூறு தடவையில் ஒரு நல்ல வழி அகப்பட்டுவிடும் என்று நம்பினான்.

செப்டம்பரில் வணிகர் சங்க ஆண்டுவிழா. எழுநூறு பேர் கொள்ளும் மண்டபம் நிரம்பியிருந்தது. அப்பா நடுவர். தீர்ப்புக்கு முன்னால் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அவர் வழக்கம்.

“இப்பல்லாம் ரெண்டு பையங்களே கல்யாணம் கட்டிக்கிடுதாங்களாமே!” என்றார். கூட்டம் அப்போதே சிரிக்க ஆரம்பித்தது. “எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒரு மாப்பிள்ள முறுக்கிக்கிட்டாலே மண்டபம் தாங்க மாட்டேங்குது. ரெண்டும் மாப்பிள்ளயா இருந்து, ரெண்டும் முறுக்கிக்கிட்டா, சமாதானம் பண்ண யாருய்யா மிச்சம் இருக்கா? சமையக்காரர்தான்!”

மண்டபம் இடிந்தது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். முதல் வரிசையில் நாவேந்தன் கைதட்டினான். பக்கத்தில் இருந்தவரைவிடச் சத்தமாகத் தட்டினான். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதபோதும் உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது. தன்னை அடித்தவனுக்கு மாலை போட்டுவிட்டு வந்தவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்தான்.

அதற்குப் பிறகு ஒத்திகை அப்பாவும் மாறினார். பேச்சு போய், கத்தல் வந்தது. தட்டு எறிந்தது, நெஞ்சைப் பிடித்தது எல்லாம் அந்த நாட்களில்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் கூடுதலாகக் கத்தினார். அவர் குரலை உயர்த்தும்போதே நாவேந்தன் ‘வெளியேறு’ பொத்தானை அழுத்திவிடுவான். அப்பா பாதி வாக்கியத்தில் மறைந்துபோவார். அந்தப் பொத்தான் மட்டும் நிஜ வாழ்க்கையிலும் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று எண்ணிக்கொள்வான்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. குடும்பத் திட்டத்தின் ஒத்திகை நிமிடங்கள் மாதம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துபோயின. அப்பா கார் ஷெட்டில், நிறுத்திவைத்த காருக்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சிகள் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து வீட்டில் யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் வந்தபோது ஒத்திகை அப்பா கத்துவதையும் நிறுத்தியிருந்தார். “எலே, நான் என்ன சொல்ல வாரேன்னா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மறுபடி, “வந்து…” என்பார்.

“அது பழுதாயிட்டு. எங்கப்பா வாய மூடிக்கிட்டு உக்காந்து நீ பாத்திருக்கியா?” என்று நாவேந்தன் செல்வினிடம் சொன்னான்.

“அப்ப அதத் தூக்கிப் போட்டுட்டு நேராப் போய்ச் சொல்லு.”

“இன்னும் ஒரு பத்துத் தடவ பாத்துக்கிடுதேன்.”

செல்வின் அந்த ஒத்திகைக் கண்ணாடியை வாங்கினான். எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மாட்டினான். கடைசியாக ஓடியது தானாகத் திறந்துகொண்டது. எதிர்ப் படியில் செல்வின் உட்கார்ந்திருந்தான்.

நிஜச் செல்வின் ரொம்ப நேரம் அவனைப் பார்த்தான். “நான் இவ்வளவு அழகாவா சிரிக்கேன்?” என்றான். பிறகு, “இவன் கோவப்படுவானா?”

 நாவேந்தன் பொய் சொல்ல ஒத்திகை பார்த்திருக்கவில்லை. “அத… கோவத்த அணச்சு வச்சிருக்கேன்.”

செல்வின் கண்ணாடியைக் கழற்றினான். “அதான் நான் ஒரு விஷயம் சொல்லி முடிக்கு முன்னாடியே சிரிக்கியா நீ? முன்னாடியே பாத்துட்டுத்தான் வருதியா? நான் உனக்கு ரெண்டாந்தரம் பாக்கிற படமால?”

“இல்லல, உன்கிட்டத் தப்பாப் பேசிறக்கூடாதுன்னுதான்…”

“தப்பாப் பேசேன். அதுக்குத்தான நான் இருக்கேன்.” எழுந்துவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. “பாரு, உங்கப்பாகிட்டச் சொல்லுதியோ இல்லயோ, அது உன் பாடு. உலகத்துல யாராவது ஒருத்தர்ட்ட, ஒரே ஒரு தடவ, ஒத்திக பாக்காம ஒரு உண்மையச் சொல்லிட்டு வா. அதுவரைக்கும் என்கிட்ட வராத. வேணும்னா இவங்கூடப் பேசு. இவனுக்குத்தான் கோவமே வராதே.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாவேந்தன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் தூங்காமல், சாப்பிடாமல் கிடந்தான். அழகாகச் சிரிக்கும் செல்வினைத் திறந்து பார்க்கக்கூடக் கை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முந்நூற்றுப் பதின்மூன்றாவது தடவைக்குத் தயாரானான். இந்தத் தடவை புது வழி வைத்திருந்தான். கடிதம் எழுதி, அதை வாசித்துக் காட்டுவது. மொட்டைமாடிக்குப் போய்க் கண்ணாடியை மாட்டினான். ‘இந்த மாதத்துக்கான நிமிடங்கள் தீர்ந்துவிட்டன’ என்றது. தேதி பதினான்கு. அப்பாதான் தின்றிருக்கிறார் என்று ஆத்திரத்தோடு கீழே இறங்கினான்.

அப்பா பின்வாசலில் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நிகழ்ச்சி. அந்தச் சாயம் இருபது நிமிடம் ஊற வேண்டும். அதுவரை உதட்டை அசைத்தால் வாயைச் சுற்றிக் கறுப்பு அப்பிவிடும். ஒரு தடவை ராஜபாளையத்தில் கரடி மாதிரி போய் நின்றிருக்கிறார். அதனால் மீசை ஊறும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பேசினால் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

“எப்பா, நிமிஷம் எல்லாம் தீந்துபோச்சு” என்று ஆரம்பித்தான் நாவேந்தன்.

அப்பா கையைக் காட்டினார். பிறகு, என்ற அர்த்தத்தில்.

திரும்பிப் போயிருக்கலாம். போகத்தான் திரும்பினான். அப்போதுதான் உறைத்தது. அப்பா பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவையில் இப்படி ஒரு அப்பா அகப்பட்டதே இல்லை. வீரத்தில் இது எந்த வகை என்று அவனுக்குத் தெரியவில்லை. வாயைக் கட்டிப்போட்ட ஆளிடம் சண்டைக்குப் போகிற வகை என்று தோன்றியது.

“எப்பா, எனக்குப் பொண்ணுங்களப் பிடிக்காது. இல்ல, பிடிக்கும், அந்த மாதிரிப் பிடிக்காது. எனக்கு செல்வினப் பிடிக்கும். அந்த மாதிரி.”

அவ்வளவு கேவலமாக அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்பாவின் கையிலிருந்த சின்னத் தூரிகை மீசையிலேயே நின்றுவிட்டது. கண்ணாடி வழியாக அவர் கண் இவனைப் பார்த்தது.

நாவேந்தன் காத்திருந்தான். எறிவதற்குச் சாயக் கிண்ணம்தான் இருந்தது. அப்பா எறியவில்லை. நெஞ்சைப் பிடிக்கவில்லை. தூரிகையை மெதுவாகக் கிண்ணத்தில் வைத்தார். பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு, உட்கார் என்று விரலால் காட்டினார்.

உட்கார்ந்தான். அப்பா சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, இரண்டு கையையும் விரித்துப் பத்து என்றார். இன்னும் பத்து நிமிடம் பேச முடியாது. அந்தப் பத்து நிமிடத்தை நிரப்ப யாரும் இல்லை என்பதால் நாவேந்தனே பேசினான். மணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனைப் பற்றி, சோடாவைப் பற்றி, எட்டாம் வகுப்பிலிருந்து பயந்ததைப் பற்றி. மூக்கு ஒழுகியது. சட்டையில் துடைத்துக்கொண்டான். பத்து நிமிடம் இருபதாகியது. அப்பா அசையவில்லை.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவினார். நேரம் தாண்டி ஊறிவிட்டதால் மீசை ஒட்டுமீசை மாதிரி கன்னங்கரேல் என்றிருந்தது. மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தெரியும்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“வணிகர் சங்கத்துல நான் அந்த மாப்பிள்ள முறுக்கு ஜோக்கச் சொன்னேம்லா? எழுநூறு பேரும் சிரிச்சான். நீ கைதட்டுன. சிரிக்கல.” துண்டை மடித்து, பிரித்து, மடித்தார். “முப்பது வருஷமா மேடையில இருந்து மூஞ்சிகளப் பாக்கேன். சிரிக்காமக் கைதட்டுதவன் ஒண்ணு காசு வாங்கிட்டு வந்தவன், இல்ல அடி வாங்கினவன். உனக்கு நான் காசு குடுக்கல.”



“பொறவு ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?” என்றான் நாவேந்தன்.

“கேட்டேன். கார்ல உக்காந்து. நானூத்தி எழுபது தடவ.”

தன்னைவிட ஒரு பெரிய கோழை இந்த வீட்டிலேயே, அதுவும் கார் ஷெட்டில் இருந்திருக்கிறார் என்பது புரிய நாவேந்தனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எதிலும் அப்பா ஒரு படி மேல்தான்.

“முதல்ல திட்டிப் பாத்தேன்” என்றார் அப்பா. “நீ போயிட்ட. மிரட்டிப் பாத்தேன். போயிட்ட. டாக்டர்ட்டப் போவோமான்னு கெஞ்சிப் பாத்தேன். போயிட்ட. கடைசியில, சரி, உன் இஷ்டம்லன்னுகூடச் சொல்லிப் பாத்தேன். அதச் சொல்லி முடிக்கு முன்னாடியே போயிட்ட. பைய எடுக்கல, கதவச் சாத்தல. இருந்த எடத்துல அப்படியே இல்லாமப் போயிருத. நானூத்தி எழுபது தடவயும் நீ இல்லாமப் போனதப் பாத்தேன்.” துண்டை மறுபடி பிரித்தார். “பொறவு எனக்கு வாயத் தொறக்கவே பயமாயிட்டு.”

“இல்லாமப் போறது…” நாவேந்தன் நிறுத்தினான். அவனுக்குப் பளிச்சென்று விளங்கியது. “எப்பா, அது வெளியேறு பட்டன்! நீங்க கத்த ஆரம்பிச்ச ஒடனே நான் மாடியில அதத்தான் அழுத்துவேன். நம்ம பேசுதது எல்லாத்தையும் அது கேட்டுக் கத்துக்கிடும்லா, ஒத்திகையில பேசுததையும் சேத்துத்தான் கத்துக்கிட்டிருக்கு. உங்க மகன் எந்திரிச்சுப் போயிருவான்னு நாந்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

அப்பா யோசித்தார். “அப்ப நான் கத்துனது?”

“நீங்க கார்ல கத்துனது எனக்கு மாடியில வந்துச்சு. தட்ட எறிஞ்சீங்க. ஏழு தடவ.”

“கார்ல தட்டு ஏதுல? நான் ஸ்டியரிங்கத்தான் குத்துனேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. அப்பாவின் புது மீசையிலிருந்து ஒரு கறுப்புத் துளி வேட்டியில் விழுந்தது. மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மாடியில் ஒருவரும் கார் ஷெட்டில் ஒருவருமாக, ஒருவர் பயத்தை மற்றவருக்கு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். அம்மா மட்டும்தான் அந்தப் பதினெட்டுப் பக்கத்தைப் படித்தவள்.

“பாரு” என்றார் அப்பா, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எனக்கு இது ஒப்பல. பொய் சொல்ல மாட்டேன். என்னைக்காவது ஒப்புமான்னும் தெரியல. ஊர் சிரிக்கும். சிரிக்க வச்சவனே நாந்தான், எனக்குத் தெரியாதா? ஆனா நானூத்தி எழுபது தடவயும் போனவன், இப்ப வாளி மேல உக்காந்திருக்க. இன்னைக்கு எனக்கு அது போதும்.”

நாவேந்தன் தலையாட்டினான்.

“அந்தப் பயல இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வராத” என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, “இப்பன்னுதான் சொல்லுதேன்” என்றார்.

சாயங்காலம் நிகழ்ச்சி. ‘குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா?’ என்ற அரதப் பழசான தலைப்பு. முதல் வரிசையில் நாவேந்தனும் அம்மாவும். பேச்சு பாதி ஓடும்போது செல்வின் வந்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். நாவேந்தன்தான், ‘சொல்லிட்டேன்’ என்று ஒரு வார்த்தை அனுப்பியிருந்தான். அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் செல்வின் குனிந்து கேட்டான்.

“எத்தன தடவ ஒத்திக பாத்த?”

“ஒண்ணுகூட இல்ல.”

“எப்படிச் சொன்ன?”

“கேவலமா.”

செல்வின் சிரித்தான். ஒத்திகைச் செல்வின் அளவுக்கு அழகான சிரிப்பு இல்லை. மேல்பல் ஒன்று கோணல், ஈறு தெரிந்தது. நாவேந்தனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தீர்ப்புக்கு முன்னால் அப்பா வழக்கம்போலக் கூட்டத்தைச் சிரிக்க வைக்க முயன்றார். இரண்டு ஜோக் எடுபடவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். “ஐயா! அந்த ரெண்டு மாப்பிள்ள ஜோக்கு!” கூட்டம் இப்போதே சிரிக்கத் தயாராகி நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் வரிசையைப் பார்த்தார். நாவேந்தனைப் பார்த்தார், அப்புறம் மூன்று நாற்காலி தள்ளி இருந்த கோணல்பல் பையனையும் பார்த்துவிட்டார். முப்பது வருட மேடையில் முதல் தடவையாக அவருக்கு அடுத்த வரி வரவில்லை.

“அது மறந்துபோச்சுய்யா” என்றார். அவசரமாகத் தீர்ப்பைச் சொல்லி இறங்கிவிட்டார். கைதட்டல் பாதிதான் வந்தது. சிரிப்புச் சூறாவளி ஒரு பொட்டுச் சிரிப்பில்லாமல் கரையைக் கடந்தது என்று விழாக்குழுச் செயலாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது நாவேந்தன் காதில் விழுந்தது. அப்பாவின் வாழ்க்கையிலேயே மட்டமான நிகழ்ச்சி அது. நாவேந்தன் எழுந்து நின்று கைதட்டினான். இந்தத் தடவை உள்ளங்கை எரிந்தது அவனுக்குப் பிடித்திருந்தது.

திரும்பும்போது காரில் மூன்று பேரும் இருந்தார்கள். அப்பா சாவியைப் போட்டார். பின்இருக்கையில் இருந்த அம்மா கேட்டாள்.

“உங்களுக்காவது ஒரு ஜோக்கு மறக்கவாவது? நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளத் தோழன் சொன்ன ஜோக்கே இன்னைக்கு வரைக்கும் மறக்கல. அந்த ஜோக்க ஏன் சொல்லல?”

அப்பா சாவியைத் திருப்பவில்லை. நாவேந்தன் அப்பாவைப் பார்த்தான், அப்பா அவனைப் பார்த்தார். நானூற்று எழுபதும் முந்நூற்றுப் பன்னிரண்டும் சேர்த்து எழுநூற்று எண்பத்திரண்டு ஒத்திகை. அதில் ஒன்றில்கூட அம்மா இல்லை. பதினெட்டுப் பக்கத்தையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவள், இருவருடைய பிடரியையும் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

நாவேந்தன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. வெளியே கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

அப்பா சாவியை உருவினார்.

“சொல்லுல” என்றார். “யாரும் மணி அடிக்கல.”